சங்கிலி பறிகொடுத்த அம்மா வேசம்

முந்தானைய இழுத்து மூடுங்க. ஆமா, உங்களத்தேன். ஜன்னலோரம் ஒக்காந்துக்கிட்டு கழுத்துச் சங்கிலிய இப்படி வெளிய தொங்கவிட்டுக்கிட்டு வாறீங்க. பஸ்ஸு வேற நின்னு நின்னு போகுது. வெளிய நிக்கிறவன் கைய நீட்டுனா முடிஞ்சு போச்சு. அம்புட்டுத்தேன். கோவிச்சுக்கிறாதீங்க, பழக்கதோசம். நான் போலீசு. சேலையில இருக்கேன்ல, அதேன் தெரியல. ஏட்டு. பேரு ஜக்கம்மா.

சிரிங்க சிரிங்க. எல்லாரும் சிரிக்கிறதுதேன். எங்க ட்ரெய்னிங் ஸ்கூல்ல நான் அங்கிட்டுத் திரும்புனா போதும், இங்கிட்டு "ஜக்கம்மா சொல்றா, ஜக்கம்மா சொல்றா"ன்னு குடுகுடுப்பக்காரன் மாதிரி கைய ஆட்டுவாளுக. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு அவளுகளுக்கு. இந்தக் காதுக்குத் தப்புமா?

நீங்க டீச்சருதான? நெனச்சேன். சீட்டத் தொடச்சுட்டு ஒக்காரும்போதே நெனச்சேன். அப்ப நம்ம ரெண்டு பேரும் ஒரே தொழிலு டீச்சர். நீங்க சின்னஞ்சிறுசுகளுக்கு அ, ஆ சொல்லிக் குடுக்கிறீங்க. நான் கல்யாண வயசுப் பிள்ளைகளுக்கு லெப்ட்டு, ரைட்டு சொல்லிக் குடுக்கிறேன். புதுசா வேலைக்கு எடுத்த பொம்பளப் போலீசு பூராம் மொதல்ல எங்க ஸ்கூலுக்குத்தேன் வரணும். என் கைக்கு வரும்போது ஒண்ணொண்ணும் வாழத்தண்டு மாதிரி வளைஞ்சு நெளிஞ்சு நிக்கும். என் கைய விட்டுப் போகும்போது பாத்தீங்கன்னா, கடப்பாரை.

என் கமாண்டு நீங்க கேட்டதில்லையே. இப்ப குடுக்க முடியாது, டிரைவரு பிரேக்கப் போட்டுருவாரு. ஒருதடவ காம்பவுண்டு செவுத்துக்கு அங்கிட்டு ஒரு மாப்பிள்ள அழைப்பு போகுது. நான் இங்கிட்டு என் பாட்டுக்கு ஸ்குவாட, அதேன் நடக்கவிட்ட பிள்ளைக வரிசைய, நிறுத்துறதுக்கு "ஹால்ட்"னு ஒரு சத்தம் குடுத்தேன். அங்க பேண்டு வாத்தியம் நின்னு போச்சு டீச்சர்! மாப்பிள்ள கார்ல இருந்து தலைய நீட்டி, என்ன ஆச்சு, பொண்ணு ஓடிருச்சான்னு கேக்குறாராம். மெய்யாத்தேன். வாட்ச்மேன் சொன்னாரு.

போலீசுக்கு எது முக்கியம்னு நெனைக்கிறீங்க? லத்தியா? சட்டமா? சட்டம் சொல்லிக் குடுக்க எங்க ஸ்கூல்ல தனியா ஒரு சாரு இருக்காரு. நல்ல மனுசன். அவரு பேசுறது மொத பெஞ்சுக்கே கேக்காது. நான் என்ன சொல்லிக் குடுப்பேன்னா, குரலு. குரலு இருந்தா பாதிச் சண்ட நீ போறதுக்கு முன்னாடியே அடங்கிரும். குரலு இல்லாதவ காக்கி போட்டாலும் பஸ் கண்டக்டருதேன். மெதுவாப் பேசுவோம், இந்தக் கண்டக்டருக்குக் கேட்டுறப் போகுது.

இப்படி இருக்கையில இந்தப் பேட்சுல எனக்குன்னு வந்து வாச்சுச்சு ஒரு பிள்ள. கார்த்தீஸ்வரி. ஆளு நல்ல ஒசரம், ஓடுனா முயல் மாதிரி ஓடுவா, துப்பாக்கி சுட்டா குறி தப்பாது. ஆனா வாயத் தொறந்தா, ஆத்தாடி! கொசு பாடுறது கேக்கும், இவ பேசுறது கேக்காது. முதல் நாளு பேரக் கேட்டேன். சொன்னா. சத்தமாச் சொல்லுன்னேன். சொன்னா. பக்கத்துல நின்னவ சொல்லித்தேன் எனக்குப் பேரே தெரிஞ்சுச்சு. "ஏன்டி, தொண்டையில என்ன கொழுக்கட்டையா?"ன்னு கேட்டேன். அப்படித்தேன் நான் கேப்பேன், எல்லாரையும் கேப்பேன். அவ குனிஞ்சு நிக்கிறா. "தலைய நிமித்து! கைய இறக்கு! நேரா நில்லு! இப்பச் சொல்லு!" கண்ணுல தண்ணி நிக்குது, சத்தத்தக் காணோம்.

நானும் என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டேன். காலியாக் கெடந்த தண்ணித் தொட்டிக்குள்ள தலைய விட்டுக் கத்தச் சொன்னேன். மைதானத்துக்கு அந்தக் கோடியில நிப்பாட்டி, மெஸ்ஸுல இன்னிக்கு என்ன கொழம்புன்னு கத்திச் சொல்லுன்னேன். சாயங்காலம் வரைக்கும் நின்னா. கொழம்பே ஆறிப் போச்சு. வெல்லம் மிளகு எல்லாம் குடுத்தேன் டீச்சர், எங்கைக்காசுல. சும்மா சொல்லக் கூடாது, எனக்கு அவ மேல கோவம்னா கோவம். நம்மகிட்ட வந்து ஒரு பிள்ள ஊமையாப் போனா நம்ம மானம் என்னாகுறது?

கடைசியாக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன். "இந்தா பாரு, கடைசி டெஸ்ட்ல நீ தனியா ஸ்குவாட நடத்திக் காட்டணும். மார்க்குப் போடுறது நான். சத்தம் வரலையா, பெயிலு. அடுத்த பேட்சோட சேந்து முதல்ல இருந்து ஆரம்பி"ன்னேன். அதுக்குத்தேன் அவ மொத முறையா எங்கிட்ட நாலு வார்த்த பேசுனா. கல்யாணம் ஆன பிள்ள அது, கைக்குழந்தைய மாமியார்கிட்ட விட்டுட்டு வந்திருக்கு. மாமியாரு கறாரா சொல்லி அனுப்பியிருக்காம். "இந்தத் தடவ முடிச்சுட்டு வந்தா வேலைக்குப் போ, திருப்பி விட்டாங்கன்னா காக்கியக் கழட்டிப் போட்டுட்டு மாட்டப் பிடி"ன்னு. புருசங்காரன் வாயத் தொறக்கலையாம். அந்த வீட்டுல யாருக்குமே சத்தம் வராது போல, மாமியாரத் தவிர. "பெயிலாக்கிறாதீங்கம்மா"ன்னா. கெஞ்சும்போதாச்சும் சத்தமாக் கெஞ்சுறாளா பாருங்க. நான் காதக் கொண்டு போயி அவ வாயிகிட்ட வச்சுல்ல கேக்க வேண்டியதாப் போச்சு. "அதெல்லாம் எனக்குத் தெரியாது, சத்தம் வந்தாப் பாஸு"ன்னு அனுப்பிட்டேன். ரூலுன்னா ரூலுதேன்.

இதுக்கு ஊடால புதுசா ஒரு டிஎஸ்பி அய்யா வந்தாரு எங்க ஸ்கூலுக்குப் பொறுப்பா. சின்ன வயசு. வந்ததும் வராததுமா, "பிள்ளைகளுக்குக் காலு நல்லா பழகியிருக்கு, ஜனங்ககிட்ட எப்படிப் பேசணும்னு பழகல. பழைய கேண்டீனக் காலி பண்ணி அதுக்குள்ள ஒரு பொய் ஸ்டேஷன் போடுங்க"ன்னுட்டாரு. மேசை, நாற்காலி, வயர்லெஸ்ஸு, லாக்கப்புக்குக் கம்பி கூட வரைஞ்சு ஒட்டியாச்சு. பிள்ளைகளக் கூட்டம் கூட்டமாப் பிரிச்சு, ஒவ்வொரு கூட்டத்துலயும் ஒருத்தி வாசல்ல காவலுக்குப் பாரா, ஒருத்தி புகார் எழுதுற ரைட்டரு, ஒருத்தி இன்ஸ்பெக்டரு. புகார் குடுக்க வர்ற பொதுஜனம்? அதுக்கு ஆளு வேணும்ல. சுத்தி சுத்திப் பாத்துட்டு என்னையப் பாத்தாரு.

"ஜக்கம்மா, நீங்கதான் பொதுஜனம்."

"சரிங்கய்யா"ன்னேன். சல்யூட் அடிச்ச கை எறங்கலையே, அப்புறம் எங்கிட்டு முடியாதுன்னு சொல்றது? முதல் வாரம் ஆடு காணாமப் போன அம்மாவா வந்தேன். நல்லாத்தேன் போச்சு. அடுத்த வாரம் அய்யா சொல்றாரு, "ஆடு வேணாம். ஸ்டேஷனுக்கு அதிகமா வர்றது சங்கிலி பறிப்பு. நீங்க சங்கிலி பறிகொடுத்த அம்மா."

எனக்கு அந்த வேசம் வேணாம்னேன். "ஆடே இருக்கட்டுங்கய்யா, வேணும்னா ரெண்டு ஆடு காணாமப் போனதாச் சொல்றேன்"னேன். ஏன்னாரு. ஏன்னா என்னத்தச் சொல்ல? சும்மாத்தேன். ஒரு இதுக்குத்தேன். அவரு கேக்கல. சரின்னு நானும் ஒரு கதையத் தயார் பண்ணுனேன். எல்லாம் கற்பனதேன், கேட்டுக்கங்க.

அதாவது அந்தம்மா அவுக தங்கச்சி மகளுக்குக் காதுகுத்துன்னு போயிக்கிட்டு இருக்கு. நல்ல பட்டுச்சேல. மத்தியான வெயிலு. தெருவுல ஈ காக்கா இல்ல. ஒரு சைக்கிள் கடை, அதுவும் சட்டர் பாதி எறக்கிக் கெடக்கு. பின்னாடி ஒரு வண்டி வருது. ரெண்டு பயலுக. பின்னாடி ஒக்காந்திருக்கவன் மூஞ்சியெல்லாம் பவுடரு, பிள்ள மாதிரி இருக்கான். "அக்கா, மண்டபம் எங்கிட்டுக்கா?"ன்னு கேக்குறான். அக்காங்கிறான் டீச்சர்! அந்தம்மாவும் கைய நேரா நீட்டி, வெரலெல்லாம் சேத்து வச்சு, நாங்க ட்ரில்ல காட்டுவோமே அந்த மாதிரி, "அங்கிட்டு லெப்ட்ல திரும்பி"ன்னு சொல்லி முடிக்கல. கழுத்துல சுருக்குன்னு ஒரு இழுப்பு. தாலிச் சங்கிலி. அப்படியே தீப்பிடிச்ச மாதிரி எரியுது. வாயத் தொறந்தேன். தொறந்துச்சு, அந்தம்மா தொறந்துச்சு. சத்தம் வரல. காத்துதேன் வருது. அவென் லெப்ட்லயே திரும்பிப் போயிட்டான். நான் வழி சொன்ன தெருவுலயே.

நல்ல கதைல்ல? கற்பனை பண்றதுன்னு எறங்கிட்டா ஒழுங்காப் பண்ணணும்.

அந்தம்மா அப்புறம் என்ன பண்ணுச்சுன்னா, முந்தானைய இழுத்துக் கழுத்தச் சுத்திப் போத்திக்கிட்டு காதுகுத்துக்குப் போயி, பந்தியில ஒக்காந்து சாப்புட்டு, மொய்யும் செஞ்சுட்டு வந்திருச்சு. அடுத்த நாளே கவரிங்ல ஒண்ணு வாங்கி மாட்டிக்கிச்சு. வீட்டுக்காரருக்குத் தெரியாதான்னா கேக்குறீங்க? அட நீங்க வேற. பொண்டாட்டி கழுத்தப் பாக்குற வயசா அவருக்கு? கம்ப்ளைண்டு ஏன் குடுக்கலன்னா... ஊரே அந்தம்மாவுக்குப் பயப்படும், அதேன். ஊரையே பயமுறுத்துறவகிட்ட பவுடர் போட்ட பய ஒருத்தன் அறுத்துட்டுப் போயிட்டான்னா வெளிய சொல்ல முடியுமா? சிரிச்சுருவாங்கல்ல.

சரி, வேசத்துக்கு வாறேன். நான் அந்தப் பொய் ஸ்டேஷனுக்கு அழுதுக்கிட்டே போறேன். வாசல்ல பாரா நிக்கிறவ என்ன சொல்லணும்? வாங்கம்மா, என்னம்மான்னு கேக்கணும். அவ என்ன செய்யிறா, "ஏய், நில்லு! கைய இறக்கு! நேரா நில்லு!"ங்கிறா. நான் பாட்டுக்கு அட்டென்ஷன்ல நிக்கிறேன். புகார் குடுக்க வந்த பொம்பள அட்டென்ஷன்ல நிக்கிற கொடுமைய எங்கயாச்சும் கேட்டிருக்கீங்களா? உள்ள போனா ரைட்டரு. "பேரு!"ன்னு ஒரே கத்து. சொன்னேன். "சத்தமாச் சொல்லு, காது கேக்கல!" மறுபடி சொன்னேன். அந்தப்பக்கம் இன்ஸ்பெக்டரா ஒக்காந்திருக்கா பாண்டிமீனா. அந்தப் பேட்சுலயே முதல் ஆளு, எனக்கு அடுத்து அந்த ஸ்கூல்ல நல்ல தொண்டை அவளுக்குத்தேன். கால்மேல காலப் போட்டுக்கிட்டுக் கேக்குறா.

"அறுக்கும்போது என்ன பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணலங்கம்மா."

"ஏன் கத்தல? வாயி இல்ல? தொண்டையில என்ன கொழுக்கட்டையா?"

எனக்கு வந்துச்சே கோவம். முதல் தடவ, நம்ம பிள்ளைக எம்புட்டுத் தைரியமாப் பேசுதுகன்னு ஒரு பக்கம் பெருமையாத்தேன் இருந்துச்சு, பொய் சொல்லல. ஆனா அடுத்த கூட்டத்துப் பிள்ளைகளும் அதையேத்தேன் கேக்குது. அதுக்கடுத்த கூட்டமும். ஒருத்தி என்னைய "டபுள் அப்"னு வேப்பமரத்தச் சுத்தி ஓடவிட்டா டீச்சர், மனு எழுதிட்டு வர லேட்டாச்சுன்னு! எல்லாரும் முடிவா வந்து நிக்கிறது அங்கதேன். ஏன் கத்தல. ஏன் கத்தல. ஏன் கத்தல. கத்துறதாம். நீ நின்னு பாரு அந்த எடத்துல. கழுத்து எரியுது, அப்ப வந்து கேளு எங்கிட்ட. ராத்திரி படுத்தா அந்தக் கேள்விதேன் காதுல கேக்குது. இந்தப் பேச்சு, இந்த மெரட்டு, இதையெல்லாம் இவளுக எங்கிட்டுருந்துதேன் கத்துக்கிட்டாளுகளோ. நான் அந்தச் சட்டம் சொல்லிக் குடுக்கிற சாரத்தேன் சந்தேகப்படுறேன். வெளிய சாது மாதிரி இருக்குறவங்கள நம்பக் கூடாது.

கடைசிக் கூட்டம். அதுல ரைட்டரா ஒக்காந்திருக்கா கார்த்தீஸ்வரி. சரி, இது வெளங்குனாப்புலதேன்னு உள்ள போறேன். அன்னிக்கு டிஎஸ்பி அய்யா வேற ஓரமா நாற்காலி போட்டு ஒக்காந்து பாக்குறாரு, மத்த பிள்ளைக பூராம் சுத்தி நிக்குதுக. நான் மேசைகிட்ட போகவும் இவ எந்திரிச்சுட்டா. நாற்காலிய இழுத்துப் போட்டா. ஒக்காருங்கம்மான்னா. நான் ஒக்காந்தப்புறந்தேன் அவ ஒக்காந்தா. தண்ணிச் செம்ப நகத்தி வச்சா. என்னமோ கேட்டா. எனக்குக் கேக்கல. "சத்தமாக் கேளுடி"ன்னு வாயி வரைக்கும் வந்துருச்சு. அவ மேசையச் சுத்தி வந்து, பக்கத்துல ஸ்டூலு போட்டு ஒக்காந்து, என் காதுகிட்ட கேக்குறா.

"கழுத்துல காயம் ஆச்சாம்மா?"

டீச்சர், அம்புட்டுக் கூட்டம் பிள்ளைக கேட்டுச்சு. சங்கிலி எத்தன பவுனு, வண்டி என்ன கலரு, ஏன் கத்தல, ஏன் தனியாப் போன, ஏன் நகையப் போட்டுக்கிட்டுப் போன. ஒருத்தி கேக்கல இத. என் கை பாட்டுக்குக் கழுத்துக்குப் போகுது. ஆமான்னேன். கோடு மாதிரி விழுந்துச்சு, ரொம்ப நாளு எரிச்சல் இருந்துச்சுன்னேன்.

"சத்தம் வந்திருக்காதும்மா. பயந்துட்டா வராது. அது உங்க தப்பு இல்ல"ன்னா.

நான் முந்தானைய இழுத்துக் கழுத்த மூடிக்கிட்டேன்.

"வீட்டுல யார்கிட்டயாச்சும் சொன்னீங்களாம்மா?"

அம்புட்டுத்தேன். எங்கிட்டுருந்து வந்துச்சோ தெரியல. அழுகன்னா அழுக, மூக்கு வாயி எல்லாம் ஒழுகுது. மேசையில தலையக் கவுத்துட்டேன். அவ என் முதுகத் தடவிக்கிட்டு இருக்கா. ஏட்டு முதுகுல ட்ரெய்னி கைய வைக்கிறா! அப்புறம் பாத்தா ஒரே கைதட்டு. சுத்தி நின்ன பிள்ளைக பூராம் தட்டுதுக. பாண்டிமீனா விசில் அடிக்கிறா. டிஎஸ்பி அய்யா எந்திரிச்சு வந்து கையே குடுத்துட்டாரு. "ஜக்கம்மா, நீங்க நாடகத்துக்குப் போயிருக்கணும், தெரியாம போலீசுக்கு வந்துட்டீங்க"ன்னாரு. நானும் மூக்கச் சிந்திட்டு, "எல்லாம் அய்யா ஆசீர்வாதம்"னேன். நடிப்புன்னா அப்படி ஒரு நடிப்பு. இன்னிக்கும் எங்க ஸ்கூல்ல அதப் பத்திப் பேசுறாங்க.

கைதட்டாதவ ஒரே ஆளு. கார்த்தீஸ்வரி. அவ என் கழுத்தவே பாத்துக்கிட்டு நின்னா.

சாயங்காலம் நான் குழாயில மூஞ்சியக் கழுவிக்கிட்டு இருக்கேன், பக்கத்துல வந்து நிக்கிறா. "அம்மா, இப்பவும் குடுக்கலாம்மா. நாளாயிருச்சேன்னு நெனைக்காதீங்க"ன்னா. எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. என்ன தைரியம்! "என்னத்தடி குடுக்கிறது? நடிப்புக்கும் நெசத்துக்கும் வித்தியாசம் தெரியல, நீயெல்லாம் போலீசா? ஓடு, கிரவுண்டச் சுத்தி ஓடு, நான் சொல்ற வரைக்கும் நிக்கக் கூடாது"ன்னேன். ஒரு வார்த்த எதுத்துப் பேசல. ஓடுனா. நான் நிறுத்தச் சொல்ல மறந்துட்டு ரூமுக்குப் போயி ஒக்காந்துட்டேன். இருட்டப் போகுதுன்னு பாண்டிமீனா வந்து சொல்லித்தேன் நிறுத்துனேன்.

அப்புறம் அந்தக் கடைசி டெஸ்டு. அதச் சொல்லாம விட்டா எனக்குப் பொறுக்காது.

மைதானத்துக்கு இந்த ஓரத்துல டிஎஸ்பி அய்யாவும் நானும். எங்க பக்கத்துல கார்த்தீஸ்வரி. எதுக்க தூரமா ஸ்குவாடு. எல்லாம் அவளோட படிச்ச பிள்ளைகதேன். காத்து வேற எதுக்காத்து. அவ வாயத் தொறந்தா. எனக்கே கேக்கல, பக்கத்துல நிக்கிற எனக்கே. ஆனா அங்க ஸ்குவாடு டக்குன்னு அட்டென்ஷனுக்கு வருது! அடுத்து ரைட் டர்ன், டக்கு. லெப்ட் டர்ன், டக்கு. அய்யா அசந்து போயிட்டாரு. எனக்கா தெரியாது? அவ வாயசைவப் பாத்துப் பாத்துத் திரும்புறாளுக, களவாணிக. எல்லாரும் சேந்து பேசி வச்சிருக்காளுக.

அய்யா சின்ன வயசுன்னாலும் லேசுப்பட்டவரு இல்ல. "அபவுட் டர்ன் குடுத்து அப்படியே நடக்க விடச் சொல்லுங்க"ன்னாரு. போச்சா? ஸ்குவாடு முதுகக் காட்டித் திரும்பிருச்சு. இனிமே வாயி எங்கிட்டுத் தெரியும்? ஒருமாதிரி குத்துமதிப்பா மார்ச்சும் ஆரம்பிச்சுட்டாளுக. லெப்ட்டு ரைட்டு, லெப்ட்டு ரைட்டுன்னு போகுதுக. எங்க போகுதுக? நேரா மெஸ்ஸு வாசலுக்கு. அங்க சமையக்காரம்மா படுதா விரிச்சு வத்தல் மிளகாயக் காயப்போட்டிருக்கு, செவச்செவன்னு. கமாண்டு வராம நிக்கக் கூடாது, முன்னாடி கெணறே இருந்தாலும் கால எறக்கணும்னு பழக்கி வச்சிருக்கேன் நான். நிப்பாளுகளா? மிளகா என்ன, நெருப்பா இருந்தாலும் மிதிச்சுட்டுத்தேன் போவாளுக.

நான் கார்த்தீஸ்வரியத் திரும்பிப் பாத்தேன். வாயத் தொறந்திருக்கா. கழுத்து நரம்பெல்லாம் பொடைச்சுக்கிட்டு நிக்குது. சத்தம் வரல. காத்துதேன் வருது. கண்ணு பிதுங்குது, இன்னும் தொறந்தபடியே நிக்கிறா. எனக்கு அந்த வாயத் தெரியும் டீச்சர். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.

"ஹா...ல்ட்!"

ஒரே டக்கு. நின்னுச்சு ஸ்குவாடு, மிளகாய்க்கு ஒரு மொழம் முன்னாடி. சமையக்காரம்மா கரண்டியக் கீழ போட்டுருச்சு. அங்க ரோட்டுல எவனோ சடன் பிரேக்கு அடிக்கிற சத்தம் கேக்குது. அய்யா காதக் குடைஞ்சுக்கிட்டே என் பக்கம் திரும்புனாரு.

"யாரு குடுத்தது கமாண்டு?"

"கார்த்தீஸ்வரிங்கய்யா."

"உங்க குரல் மாதிரி இருந்துச்சே?"

"நான் பழக்குன பிள்ளைங்கய்யா. வேற யாரு குரலு மாதிரி இருக்கும்?"

அவரு என்னையப் பாத்தாரு. அவளப் பாத்தாரு. அவ இன்னும் வாய மூடல. அப்புறம் அந்த மிளகாயப் பாத்தாரு. "பாஸா?"ன்னாரு. "பாஸுங்கய்யா"ன்னேன். போட்டாச்சு மார்க்கு.

என்ன, அப்படிப் பாக்குறீங்க? ரூல மீறுறவளா நான்? சத்தம் வந்தாப் பாஸுன்னு சொன்னேன், சத்தம் வந்துச்சு, பாஸு. அது அவ குரலுதேன். எந்தக் கோயில்ல வேணும்னாலும் சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுவேன்.

அவளுக்கு கரட்டுப்பட்டியில போஸ்டிங் போட்டிருக்கு. ஆமா, இந்தா அடுத்து வரப்போற ஊருதேன். மாமியாரே வந்து குழந்தையக் குடுத்துட்டுப் போயிருக்கு, இப்ப மருமக பெரிய ஆபீசராம், ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதாம். ஸ்டேஷன்ல இவள வரவேற்பு மேசையில ஒக்கார வச்சிருக்காங்க. கத்தத் தெரியாத பிள்ளைய வேற எங்க போடுறது? வர்ற ஜனங்ககிட்ட விசாரிச்சு உள்ள அனுப்புறது. இவகிட்டதேன் சொல்லணும்னு காத்துக் கெடக்குதுகளாம் பொம்பளைக, அந்த ஊருல இருந்து வந்த பிள்ள ஒண்ணு எங்கிட்ட சொல்லுச்சு.

நானா? சும்மா அவளப் பாத்துட்டுப் போகலாம்னுதேன். லீவு போட்டுட்டு வந்தேன். பிள்ள எப்படி இருக்கா, குரலு தேறியிருக்கான்னு பாக்கணும்ல. பழக்குனவளுக்கு அக்கறை இருக்காதா?

கம்ப்ளைண்டா? நல்லாக் கேட்டீங்க. அது கற்பனைன்னு எத்தன தடவ சொல்றேன் உங்ககிட்ட. டீச்சருங்கள்ட்ட இதேன் கஷ்டம், நோண்டி நோண்டிக் கேப்பீங்க. அப்படியே குடுக்கிறதா இருந்தாலும், எங்க வீட்டுப் பக்கத்துலயே ஸ்டேஷன் இல்லையா? இருக்கு. ரெண்டு இருக்கு. வழியில தாண்டி வந்தமே, அங்க எல்லாம் கூட இருக்கு. ஆனா அங்க பூராம் என் பிள்ளைகதேன் டீச்சர். நான் பழக்குனதுக. போயி நின்னா மொதக் கேள்வி என்ன கேக்கும்னு எனக்குத் தெரியும்ல?

இந்தா, ஊரு வந்துருச்சு. அந்தா தெரியுது பாருங்க, பச்ச போர்டு, ஸ்டேஷன். அய்யய்யோ, நிறுத்தாமப் போறாரே. கண்டக்டரு முன்னாடி படியில நிக்கிறாரு. டீச்சர், நீங்க ஒரு சத்தம் குடுங்களேன், எறங்கணும்னு. கொஞ்சம் சத்தமா. எனக்கு என்னமோ, இன்னிக்கு, வர மாட்டேங்குது.